பத்திரிகையிலிருந்து படச்சுருளுக்கு: ஜோன் பில்ஜரின் பணி பற்றிய ஒரு மதிப்பீடு

சமூக நோக்கோடு படைக்கப்படும் எதனையும் 'பிரசாரம்' என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடும் வழக்கம் நமது இலக்கிய உலகுக்குப் புதியதன்று. அக்குற்றச்சாட்டுக்கு முற்போக்கு அணியினராகிய நாம் அளித்துவந்த விடையும் பெரும்பாலும் ஒரே வகையினதே. மக்கள் பக்கம் நிற்கும் படைப்பு, அப்படி நிற்பதனாலேயே சிறப்புடையது என்று கூறி வாதத்தை முடித்துவிடுகின்றோம். குற்றஞ் சாட்டுவோர் படைப்பைப் பார்ப்பதில்லை. விடையளிக்கும் நாமும் பல வேளைகளில் அதனைப் பார்ப்பதில்லை. பக்கஞ் சார்ந்து நிற்கும் ஒரு கலைஞன் எந்த இடத்தில் வெல்கிறான், எந்த இடத்தில் தவறுகிறான், அவ்வெற்றிக்கும் தவறுக்கும் காரணம் யாது என்னும் வினாக்கள் எழுப்பப்படாமலே போய்விடுகின்றன.

இவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பதற்கு ஜோன் பில்ஜரின் வாழ்க்கைப் பணி மிகப் பொருத்தமானது. 2023 டிசெம்பர் 30 ஆந் திகதி, இலண்டனில், தமது 84 ஆவது வயதில் அவர் காலமானார். பத்திரிகையாளராகத் தொடங்கி, 1970 முதல் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் விவரணப் படங்களை ஆக்கியவர் அவர். ஐம்பதுக்கும் மேற்பட்ட அப்படங்களுள் சில, அரசாங்கங்கள் மறைத்து வைத்திருந்த கொடுமைகளைக் கோடிக்கணக்கான மக்களின் கண்முன் கொண்டுவந்து நிறுத்தின. வேறு சில அவரது நண்பர்களுக்கே சங்கடத்தை உண்டாக்கின. இரண்டையும் ஒருங்கே நோக்கினாலன்றி அவரது பணியின் பாடம் நமக்குக் கிட்டாது.

பில்ஜர் 1939 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரை அடுத்த பொண்டை என்னும் கடற்கரைப் பகுதியிற் பிறந்தவர். தந்தையார் தச்சுத் தொழிலாளி, தாயார் ஆசிரியை. சிட்னிப் பத்திரிகைகளிற் பயிற்சி பெற்ற அவர், 1960 களின் தொடக்கத்தில் இலண்டன் சென்று 1963 இல் 'டெய்லி மிரர்' நாளிதழிற் சேர்ந்தார். அக்காலத்து மிரர் தொழிலாளர் வீடுகளிற் படிக்கப்பட்ட பத்திரிகை. நாளொன்றுக்கு 50 இலட்சம் பிரதிகள் விற்றது. அதன் நிருபர் கல்விமான்களை மனத்தில் வைத்து எழுத முடியாது. வேலைக்குப் போகும் வழியிற் பேருந்தில் நின்றபடி படிக்கும் ஒருவருக்கு விளங்குமாறு எழுதவேண்டும். வாக்கியம் குறுகியதாக இருக்கவேண்டும். முதற் பந்தியிலேயே விடயம் வந்துவிட வேண்டும். ஒரு நாட்டின் அவலத்தை ஒரு மனிதரின் முகத்தினூடாகக் காட்டவேண்டும். பிற்காலத்தில் அவரது படங்களிற் காணப்பட்ட பலமும் பலவீனமும் இந்தப் பயிற்சிக் களத்திலேயே வேரூன்றின என்று நாம் கருதுகின்றோம்.

அவரது முதற் படமாகிய 'அமைதியான கலகம்' 1970 இல் வெளிவந்தது. அரை மணி நேரத்துக்கும் குறைவான அப்படம் வியட்நாமிற் போரிட்ட அமெரிக்கப் படையின் உள்நிலையைக் காட்டியது. கட்டாயமாகப் படைக்குச் சேர்க்கப்பட்ட இளைஞர்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிய மறுப்பதையும், தம் அதிகாரிகளையே கொல்லத் துணிவதையும் அது வெளிப்படுத்தியது. 'படையினர் போரை வெறுக்கின்றனர்' என்று பத்திரிகையில் எழுதினால், அது நிருபரின் கருத்து என்று ஒதுக்கிவிடலாம். படையினனே கமெராவை நோக்கி அதனைக் கூறும்போது ஒதுக்குவது எளிதன்று. இலண்டனிலிருந்த அமெரிக்கத் தூதுவர் வால்டர் அனன்பேர்க் தொலைக்காட்சி அதிகார சபையிடம் முறைப்பாடு செய்தார் என்பதே படம் எங்கே பட்டது என்பதற்குச் சான்று. எழுத்தாற் செய்ய முடியாத ஒன்றைப் படச்சுருள் செய்யும் என்பதை பில்ஜர் அப்போது உணர்ந்திருக்க வேண்டும்.

எனினும் அவரது முறை முழுமை பெற்றது 1979 இல் வெளிவந்த 'பூச்சிய ஆண்டு: கம்போடியாவின் மௌன மரணம்' என்னும் படத்திலேயாம். அவ்வாண்டு ஜனவரியில் வியட்நாமியப் படை பொல் பொட்டின் ஆட்சியை வீழ்த்தியது. நான்கு ஆண்டுகளுக்கும் குறைந்த அவ்வாட்சியில் 17 இலட்சம் முதல் 20 இலட்சம் வரையான மக்கள் மாண்டனர் என்பது இன்று பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. நெறியாளர் டேவிட் மன்றோவுடனும் ஒரு சிறு குழுவுடனும் சில மாதங்களின் பின் உட்சென்ற பில்ஜர், மனிதர் வெளியேற்றப்பட்ட ஒரு தலைநகரைக் கண்டார். மருந்தில்லாத மருத்துவமனைகளிற் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தன.

இவ்வளவையும் எந்தச் செய்திப் படமும் காட்டியிருக்கலாம். பார்ப்பவர் கண்ணீர் விடுவார், பிறகு மறந்துவிடுவார். பில்ஜர் அத்துடன் நிற்கவில்லை. 1969 முதல் 1973 வரை நிக்சனும் கிசிஞ்சரும் கம்போடியக் கிராமங்கள் மீது நடத்திய குண்டுவீச்சு, பொல் பொட்டின் எழுச்சிக்கு எவ்வாறு நிலத்தைப் பண்படுத்தியது என்பதை அவர் படத்தின் தொடக்கத்திலேயே கூறினார். விடுவித்தது வியட்நாம் என்ற ஒரே காரணத்தால் மேற்கு நாடுகள் பட்டினி கிடக்கும் மக்களுக்கு உதவி வழங்கத் தயங்கியதைச் சுட்டினார். அதே மேற்கு நாடுகளின் ஆதரவோடு ஐக்கிய நாடுகள் சபையில் கம்போடியாவின் ஆசனம் பொல் பொட்டின் பிரதிநிதிகளிடமே இருந்து வந்தது. இறக்கும் குழந்தையின் கட்டிலுக்கும், தொலைவில் ஒரு மேசையிற் கையெழுத்தாகும் தாளுக்கும் இடையே ஒரு நூலை அவர் கட்டினார். அனுதாபத்தை அரசியல் அறிவாக மாற்றுவது இந்த நூலே. படம் ஒளிபரப்பானபின், யாரும் கேளாமலே சாதாரண மக்களிடமிருந்து நன்கொடைகள் குவியத் தொடங்கின. பல நாடுகளிற் சேர்ந்த தொகை பல கோடி டொலரை எட்டியது. காரணத்தை விளக்கினால் மக்களின் இரக்கம் குன்றிவிடும் என்று கருதுவோருக்கு இது தக்க விடை.

இதே நூல் 1994 இல் வெளிவந்த 'ஒரு தேசத்தின் மரணம்: தீமோர்ச் சதி' என்னும் படத்திலும் ஓடுகிறது. 1975 டிசெம்பரில் இந்தோனேசியப் படை கிழக்குத் தீமோரை ஆக்கிரமித்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் யுத்தத்தாலும் பட்டினியாலும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்று அந்நாட்டு உண்மை ஆணைக்குழு பின்னர் மதிப்பிட்டது. பில்ஜரும் மன்றோவும் தம்மை யாரென்று காட்டிக்கொள்ளாமல் அங்கு சென்று படம்பிடித்தனர். மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாகச் சிலுவைகள். 1991 நவம்பர் 12 இல் சாந்தா குரூஸ் மயானத்திற் கூடிய இளைஞர்கள் மீது படையினர் சுட்ட கொடுமைக்குச் சாட்சிகள்.

பின்னர் கமெரா மேசைப் பக்கம் திரும்புகிறது. அவுஸ்திரேலிய வெளிநாட்டமைச்சர் கரத் எவன்சும் இந்தோனேசிய வெளிநாட்டமைச்சர் அலி அலட்டாசும் 1989 இல் தீமோர்க் கடலின் மேலே பறக்கும் விமானத்தில் சம்பெயின் கிண்ணங்களை உயர்த்தி, அக்கடலடியின் எண்ணெயைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தைக் கொண்டாடுகின்றனர். அக்காட்சிக்கு விளக்கவுரை தேவையில்லை. இந்தோனேசியாவுக்கு விற்கப்பட்ட பிரித்தானிய ஹோக் விமானங்கள் பற்றி, முன்னாட் பாதுகாப்புக் கொள்முதல் அமைச்சர் அலன் கிளார்க்கிடம் பில்ஜர் வினவுகிறார். அந்நியர் ஒருவரையொருவர் என்ன செய்துகொள்கின்றனர் என்பது தம் மனத்தை அதிகம் நிரப்புவதில்லை என்ற கருத்துப்பட அவர் விடையளிக்கிறார். கிளார்க் மரக்கறி உண்பவர். மிருகங்கள் கொல்லப்படும் முறை குறித்துக் கவலைப்படுபவர். அந்தக் கவலை மனிதர் வரை நீளுமா என்று பில்ஜர் கேட்க, விந்தையாக, இல்லை என்கிறார் அவர். ஒரு வர்க்கத்தின் மனச்சாட்சி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஆயிரம் பக்கங்களில் எழுதினாலும் இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்க முடியாது. இங்கே பில்ஜர் யாரையும் ஏசவில்லை. அடக்கமாக ஒரு வினாவைக் கேட்டுவிட்டு விடைக்குக் காத்திருந்தார். நல்ல நிருபரின் கலை அதுவே.

இந்து சமுத்திரத்தில் வாழும் நமக்கு மிக அண்மையிலுள்ளது 2004 இல் வெளிவந்த 'ஒரு தேசத்தைத் திருடுதல்'. சாகோஸ் தீவுக்கூட்டத்தின் மக்களை, 1968 முதல் 1973 வரை, பிரித்தானிய அரசு அவர்களது மண்ணிலிருந்து அகற்றியது. 1,500 முதல் 2,000 வரையான அம்மக்கள் மொரீசியசிலும் சீசெல்சிலும் கொண்டுபோய் விடப்பட்டனர். தியாகோ கார்சியாத் தீவில் அமெரிக்கா ஒரு படைத்தளம் அமைக்க விரும்பியதே காரணம். பிரித்தானியாவுக்குக் கிடைத்த கைம்மாறு, பொலாரிஸ் ஏவுகணைக் கொள்வனவில் 1 கோடியே 40 இலட்சம் டொலர்க் கழிவு. அத்தீவுகளில் நிரந்தரக் குடிகளே இல்லையென்று உலகுக்குக் கூற அதிகாரிகள் திட்டமிட்டதும், அம்மக்களை ஏளனமாகக் குறிப்பிட்டு எழுதியதும் அரசாங்கக் கோப்புகளிலேயே பதிவாகியுள்ளன. தீவினரின் வளர்ப்பு நாய்கள் கூட்டமாகப் பிடிக்கப்பட்டு நச்சுப்புகையாற் கொல்லப்பட்டன.

இப்படத்தில் பில்ஜரின் முறை ஒரு படி முன்னேறியிருக்கிறது என்பது நமது துணிபு. கோப்பிலுள்ள வாசகத்தை அவர் கூறுகிறார். அடுத்து அந்த வாசகத்தால் வாழ்வழிந்தவர் பேசுகிறார். தீவை இழந்த லிசெட் தலாத் என்னும் பெண்மணி, மொரீசியசில் தம் பிள்ளைகள் துயரத்தாலேயே இறந்தனரென்றும், அத்துயரத்துக்கு மருந்தில்லை என்று வைத்தியர் கூறிவிட்டார் என்றும் சொல்கிறார். அவர் பரிதாபத்துக்குரிய உருவமாக வந்து மறைபவரல்லர். போராட்டத்தை நடத்தியவர்களுள் ஒருவர். 2000 ஆம் ஆண்டு இலண்டன் உயர் நீதிமன்றத்தில் சாகோஸ் மக்கள் பெற்ற வெற்றியை, 2004 இல் பாராளுமன்றத்துக்கே கொண்டுசெல்லாமல், அரச கட்டளை மூலம் அரசாங்கம் பறித்தது. அவ்வாண்டிலேயே இப்படம் வெளியாயிற்று.

வரலாறு அத்துடன் நிற்கவில்லை. 2021 ஒக்டோபரில், கடலில் அவலத்துக்குள்ளான ஒரு படகிலிருந்த இலங்கைத் தமிழ் அகதிகள் எண்பதுக்கு மேற்பட்டோர் அதே தியாகோ கார்சியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, வேலியிட்ட முகாமொன்றில் ஆண்டுக்கணக்காக வைக்கப்பட்டனர். அவர்களைத் தடுத்து வைத்தமை சட்டவிரோதமானது என்று 2024 டிசெம்பரில் அப்பிரதேசத்தின் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. பெரும்பாலோர் அம்மாதமே பிரித்தானியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தீவின் சொந்த மக்களுக்கு இடமில்லை என்று கூறிய அதிகாரம், புகலிடம் தேடிய நம் மக்களை அங்கிருந்து வெளியேற விடவில்லை. 2025 மே மாதத்தில், தீவுகளின் இறைமையை மொரீசியசுக்கு வழங்கும் ஒப்பந்தத்தில் பிரித்தானியா கைச்சாத்திட்டபோதும், தியாகோ கார்சியாவைத் தளத்துக்காக 99 ஆண்டுகள் வைத்துக்கொள்ளவே அவ்வொப்பந்தம் வழிவகுத்தது. பில்ஜரின் படம் இன்னும் பழையதாகவில்லை.

இத்தகைய படங்கள் எங்கே ஒளிபரப்பாயின என்ற வினா முக்கியமானது. பெரும்பாலானவை பிரித்தானியாவின் வர்த்தகத் தொலைக்காட்சியில், விளம்பரத்தால் வாழும் நிறுவனங்களின் வழியாகவே வெளிவந்தன. அனுமதிப்பத்திரம் பெறும் நிறுவனங்கள் பொதுநலன் சார்ந்த நிகழ்ச்சிகளையும் தரவேண்டும் என்ற கட்டாயம் அன்று இருந்தது. அந்த இடைவெளிக்குள்ளேதான் பில்ஜர் நின்றார். 1990 ஆம் ஆண்டின் ஒளிபரப்புச் சட்டம் சந்தைக்கு முதன்மை தந்தபின் அவ்விடைவெளி குறுகத் தொடங்கியது. 1985 இன் இறுதியில், றொபர்ட் மக்ஸ்வெல்லின் கைக்கு மாறியிருந்த மிரரிலிருந்து அவர் நீக்கப்பட்டார். 2002 இல் வெளிவந்த 'பலஸ்தீனமே இன்னும் பிரச்சினை' என்னும் படத்தை, அதனைத் தயாரித்த நிறுவனத்தின் தலைவரே பகிரங்கமாகக் கண்டித்தார். ஆனால் தொலைக்காட்சி ஆணைக்குழு விசாரித்து, முறைப்பாடுகளை நிராகரித்தது. 2016 இல் வெளிவந்த சீனா பற்றிய படத்துக்குப் பொதுமக்களிடம் பணந் திரட்ட நேர்ந்தது. ஒரு மனிதரின் துணிவை மட்டும் போற்றிவிட்டு, அத்துணிவுக்கு இடந்தந்த சமூக ஏற்பாட்டை மறப்பது சரியான விமர்சனமாகாது.

இனி, குறைகளைப் பேசவேண்டும். அவற்றைப் பேசாது விடுவது அவரது பகைவருக்கே உதவும்.

1982 இல், தாய்லாந்தில் ஒரு சிறுமியை விலைக்கு வாங்கி விடுவித்ததாக மிரரில் அவர் எழுதினார். இடைத்தரகர் ஒருவர் அவரை ஏமாற்றிவிட்டார் என்பது பின்னர் தெரியவந்தது. அந்நாட்டிற் குழந்தைத் தொழிலாளர் கொடுமை இருந்தது உண்மை. ஆயினும் ஒரு பொய்யான உதாரணம் அவ்வுண்மையையே சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிட்டது. 1990 இல் வெளிவந்த 'கம்போடியா: துரோகம்' என்னும் படம் தம்மை அவதூறு செய்ததாகப் பிரித்தானியப் படையின் முன்னாள் அலுவலர் இருவர் வழக்குத் தொடர்ந்தனர், 1991 இல் பெருந்தொகை நட்டஈடு வழங்கவேண்டி வந்தது. கம்போடிய எதிர்ப்பணியினர் சிலருக்குப் பிரித்தானியப் படை பயிற்சி அளித்ததை அரசாங்கம் அதே ஆண்டில் ஒப்புக்கொண்டது என்பதையும் மறக்கலாகாது. பொதுவான குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. குறித்த இருவர் மீது அதனைச் சுமத்துவதற்குச் சான்று போதவில்லை.

2000 ஆம் ஆண்டில் ஈராக் மீதான பொருளாதாரத் தடைபற்றி அவர் எடுத்த படம் 5 இலட்சம் குழந்தைகள் இறந்தனர் என்ற கணக்கை ஆதாரமாகக் கொண்டது. ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தைகள் நிதியம் அன்று வெளியிட்ட கணக்கு அது. பில்ஜர் அதனைக் கற்பித்துக் கூறவில்லை. ஆனால் அதற்கு அடிப்படையான தரவுகள் சதாம் ஆட்சியினராற் திரிக்கப்பட்டவை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. தடை கொடியது என்பதற்கு, அதனை எதிர்த்துப் பதவி துறந்த ஐ. நா. அலுவலர் டெனிஸ் ஹலிடேயும் ஹன்ஸ் வொன் ஸ்பொனெக்கும் அப்படத்திலேயே சாட்சி கூறுகின்றனர். அச்சாட்சியங்கள் இன்றும் நிற்கின்றன, எண் நிற்கவில்லை.

பிற்காலத்தில் இக்குறை வளர்ந்தது. 2007 இல் இலத்தீன் அமெரிக்கா பற்றி எடுத்த படத்தில், அலன் கிளார்க்கிடம் காட்டிய கூர்மையை அவர் சாவேசிடம் காட்டவில்லை. 2014 இல் உக்ரேன் பற்றி எழுதிய கட்டுரையொன்றில், சமூக ஊடகத்தில் வந்த ஒரு வைத்தியரின் கூற்றை மேற்கோள் காட்டினார்; அது நம்பத்தகாதது எனத் தெரிந்தபின் பத்திரிகை அதனை நீக்கிற்று. வாஷிங்டனின் ஒவ்வொரு சொல்லையும் ஐயுற்று நோக்கிய அவர், வாஷிங்டனின் எதிரி கூறுவதை அவ்வாறு நோக்கவில்லை. ஐயம் நிருபரின் கருவி. ஒரு பக்கத்தை மட்டும் வெட்டும்போது அது வெறும் பழக்கமாகிவிடுகிறது.

இன்னொரு குறை வடிவஞ் சார்ந்தது. பல படங்களிற் பில்ஜரின் குரல் தொடக்கம் முதல் இறுதி வரை ஓய்வதில்லை. மக்கள் துன்புறுவர், அவர் விளக்குவார். கம்போடியப் படத்தில் அதற்கு நியாயம் உண்டு. பேசும் நிலையில் அம்மக்கள் இருக்கவில்லை. ஆனால் பேசக்கூடிய மக்கள் இருக்கும் இடத்திலும் அதே முறை தொடரும்போது, மக்கள் சான்றாகச் சுருங்கிவிடுகின்றனர். சாகோஸ் படம் அவரது படைப்புகளுள் தலைசிறந்தது என நாம் கொள்வதற்குக் காரணம், அதில் அக்குரல் சற்று விலகி நின்று இடந் தருகிறது என்பதே.

இக்குறைகளைக் கொண்டு பில்ஜரை நிராகரிப்போர் 'நடுநிலை'யின் பெயரால் அவ்வாறு செய்கின்றனர். அவரது பெயரையே வினைச்சொல்லாக்கி ஏளனஞ் செய்தார் ஓபெரன் வோ என்ற எழுத்தாளர். இவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. சுடுபவனுக்கும் சுடப்படுபவனுக்கும் சம நேரம் ஒதுக்குவது நீதியாகாது. தீமோரின் சிலுவைகளையும் சம்பெயின் கிண்ணத்தையும் ஒரே படத்தில் வைத்தவர் பக்கஞ் சார்ந்தே நின்றார். அவர் காட்டியது உண்மை. பக்கஞ் சார்ந்தமையால் அவர் தவறவில்லை. கையிலுள்ள சான்று தரும் பலத்துக்கு மேலாகப் பேசிய இடங்களிலேயே தவறினார்.

ஆகவே பக்கஞ் சார்ந்து நிற்பவனுக்கு உண்மை பற்றிய கண்டிப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக வேண்டும். ஆளும் வர்க்கத்தின் பத்திரிகை பத்துத் தவறு செய்தாலும் மறுநாள் வெளிவரும். மக்கள் சார்பாகப் பேசுபவன் செய்யும் ஒரு தவறு, அம்மக்கள் கூறும் நூறு உண்மைகளையும் பொய்யாக்கக் காத்திருப்பவர் கையிற் கிடைக்கும் ஆயுதமாகும். அதன் விலையைச் செலுத்துபவன் எழுத்தாளன் அல்லன். யாருக்காக அவன் எழுதினானோ அவர்களே.

இது நமக்கு அந்நியமான பாடமன்று. 2009 மே மாதத்தில், வன்னியில் யுத்தத்தின் இறுதி நாட்களில், தமிழ் மக்களின் அவலம் பற்றி பில்ஜர் பிரித்தானிய வார இதழொன்றில் எழுதினார். உலகம் முகந்திருப்பியிருந்த வேளையில் எழுதியமைக்கு நாம் நன்றியுடையோம். ஆனால் நமது கதையைச் சொல்லத் தொலைவிலிருந்து ஒருவர் வரவேண்டும் என்று காத்திருப்பது தகாது. காணாமற் போனோரின் தாய்மார், தோட்டத்து லயன்களில் வாழ்வோர், நிலம் இழந்த விவசாயிகள் ஆகியோரின் வாழ்வை இன்று கைத்தொலைபேசியாலேயே படம்பிடிக்க முடியும். கருவி வந்துவிட்டது, முறை வரவேண்டும். துயரப்படுபவரின் முகத்தோடு நின்றுவிடாது, அத்துயரத்தை விளைவித்த தாளைத் தேடிச் செல்லும் பொறுமை வேண்டும். கிடைத்த எண்ணை மீண்டும் எண்ணிப் பார்க்கும் நேர்மை வேண்டும். நம் அணியைச் சேர்ந்தவர் கூறுவதையும் ஐயுறும் துணிவு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பேச வேண்டியவர் பேசும்போது நாம் வாய்மூடி இருக்கக் கற்கவேண்டும்.

ஆசிரியர்கள் தம் வகுப்புகளில் 'பூச்சிய ஆண்டு', 'ஒரு தேசத்தைத் திருடுதல்' ஆகிய இரு படங்களையும் அடுத்தடுத்துக் காட்டி, எதில் மக்கள் அதிகம் பேசுகின்றனர், எந்தக் கூற்றுக்குச் சான்று காட்டப்படுகிறது, எதற்குக் காட்டப்படவில்லை என்று மாணவர்களைக் கேட்பார்களாயின், அதுவே பில்ஜருக்குச் செய்யத்தக்க அஞ்சலியாகும். அதிகாரத்திலுள்ளோர் கூறுவதை அப்படியே நம்பிவிடாதே என்று அரை நூற்றாண்டுக் காலம் மக்களுக்குச் சொல்லிவந்தவர் அவர். அந்த அறிவுரையை அவரது படங்களுக்கும் பிரயோகிக்கும் மாணவனே அவரை உண்மையிற் கற்றவன்.